ஆக்சிமீட்டர் கறுத்த தோலில் கூட்டிக் காட்டுமா? அம்மாவுக்கு நடந்ததை வைத்துக் கேட்கிறேன்

குழித்துறை ஆற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா இருபத்தைந்து வருஷம் அண்டியாபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை ஆலையில், வேலை பார்த்தவள். அண்டி உடைக்கிற வேலை. சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உடைப்பார்கள், ஆனாலும் தோட்டிலிருந்து வருகிற எண்ணெய் ஏறி ஏறி, அண்டியைப் பிடிக்கிற இடது கையில் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நகக்கண்வரை கறுத்துப்போயிருக்கும். அம்மாவே நல்ல கறுப்பு, அந்த விரல்கள் அதைவிடக் கறுப்பு.

2021 மே மாதம் அம்மாவுக்குக் கொரோனா. ஆறாவது நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன் (பெயர் வேண்டாம், அந்த நேரத்தில் அவர்களும் திண்டாடிக்கொண்டுதான் இருந்தார்கள்). ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டுகிற ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினார்கள், 94. அப்போது 94 இருந்தால் வீட்டில் இருக்கலாம், 93-க்கு இறங்கினால்தான் பெட் என்று எல்லா இடத்திலும் ஒரே பேச்சு. "மூச்சு எடுக்க முடியல்ல" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். "பயம்தான், வேற ஒண்ணும் இல்ல, வீட்டுல குப்புறப் படுக்கச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று ராத்திரி முழுக்க அம்மா திண்ணையில் உட்கார்ந்தே இருந்தாள். சாய்ந்தால் முட்டுகிறது. பக்கத்து வீட்டு ஆக்சிமீட்டரை வாங்கி மணிக்கு ஒரு தடவை பார்த்தேன், 94, 93, 94. அந்த எண்ணை நம்பித்தான் விடியும்வரை இருந்தேன். கண் முன்னால் அம்மா தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு இழுக்கிறாள், நான் அவளைப் பார்க்காமல் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் வேறொரு இடத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு டாக்டர் மணிக்கட்டில் ஊசி போட்டு தமனி ரத்தம் எடுத்துப் பார்த்தார். 86. அதே நிமிஷம் விரலில் 93 காட்டிக்கொண்டிருந்தது. பதினொரு நாள் ஆக்சிஜனில் இருந்து, கர்த்தர் கிருபையால் பிழைத்து வந்தாள்.

இப்போது மூன்று நாள் முன்பு, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஷோடிங் என்கிற நுரையீரல் டாக்டர் செய்த ஆராய்ச்சி பற்றி வாசித்தேன். கறுப்பின நோயாளிகளுக்கு இந்தக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டுகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். வாசித்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. இது உண்மையா? அவர்கள் கணக்கில் நாம் "கறுப்பினம்" இல்லையே, நமக்கும் பொருந்துமா? இன்னொரு தடவை இப்படி வந்தால் டாக்டரிடம் என்ன சொல்லிக் கேட்பது?

கருங்கல் நர்ஸ் எழுதியது:

தம்பி, முதலில் அம்மா பிழைத்ததுக்குச் சந்தோஷம். நான் கருங்கல்காரி, பன்னிரண்டு வருஷமாக அமெரிக்காவில் ஐசியூவில் வேலை. நீங்கள் வாசித்தது உண்மை.

அந்தக் கிளிப்பு விரலுக்குள் இரண்டு ஒளியை விடும். ஒன்று சிவப்பு, 660 நானோமீட்டர், இன்னொன்று அகச்சிவப்பு, 940. ஆக்சிஜன் இல்லாத ரத்தம் சிவப்பை அதிகம் குடிக்கும், ஆக்சிஜன் ஏறிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் குடிக்கும். இரண்டும் எவ்வளவு வெளியே வருகிறது என்று பார்த்து ஒரு விகிதம் போடுகிறது. ஆனால் அந்த விகிதத்தைப் பார்த்து "இது 94" என்று சொல்ல கருவிக்கு ஒரு அட்டவணை வேண்டும் இல்லையா, அந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதுதான் விஷயமே. நல்ல ஆரோக்கியமான ஆட்களைப் படுக்க வைத்து, ஆக்சிஜன் குறைந்த காற்றைக் கொடுத்து, 70 வரைக்கும் இறக்கி, ஒவ்வொரு படியிலும் தமனி ரத்தம் எடுத்து ஒப்பிட்டு எழுதுவார்கள். அங்கே படுத்தவர்களில் பெரும்பாலும் வெள்ளைத் தோல். தோலுக்கு நிறம் தருகிற மெலனின் நடுவில் நின்று ஒளியை மறிக்கிறது என்பது அட்டவணைக்குத் தெரியாது. அமெரிக்க மருந்துத் துறையான எஃப்டிஏ 2013-ல் சொன்ன வழிமுறையில்கூட, குறைந்தது 10 பேரில் சோதித்தால் போதும், அதில் 2 பேர் அல்லது 15 சதவீதம், எது அதிகமோ அவ்வளவு பேர் கறுத்த தோலாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பத்துக்கு இரண்டு.

ஷோடிங் குழு செய்தது ரொம்ப எளிமையான வேலை, அதனால்தான் அதை மறுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவுகளில் ஏற்கெனவே கிடந்த எண்களை எடுத்தார்கள். ஒரே நோயாளிக்குப் பத்து நிமிஷ இடைவெளிக்குள் விரலிலும் பார்த்து, தமனி ரத்தத்திலும் பார்த்த ஜோடிகள், அவர்கள் ஆஸ்பத்திரியில் மட்டும் 10,789. விரலில் 92 முதல் 96 வரை காட்டும்போது ரத்தத்தில் உண்மையில் 88-க்குக் கீழே இருந்தது எத்தனை தடவை என்று எண்ணினார்கள். வெள்ளையருக்கு 3.6 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 11.7 சதவீதம். மூன்று மடங்கு. 178 ஆஸ்பத்திரிகளின் பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான், 6.2-க்கு 17. இது 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. உங்கள் அம்மாவின் 93-க்கு 86 என்பது அப்படியே இந்தக் கணக்குக்குள் விழுகிறது பாருங்கள்.

எனக்கு ஆத்திரம் வருகிற இடம் வேறு. இது 2020-ல் புதிதாகத் தெரிந்ததே இல்லை. 1990-லேயே அமல் ஜுப்ரான், மார்ட்டின் டோபின் என்கிற இரண்டு டாக்டர்கள் வென்டிலேட்டர் நோயாளிகளிடம் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 2005-ல் சான் பிரான்சிஸ்கோவில் மறுபடியும் சோதித்துச் சொன்னார்கள். முப்பது வருஷம் அது புத்தக அலமாரியில் இருந்தது. கொரோனா சமயத்தில் ஏமி மோரன் தாமஸ் என்கிற மானுடவியலாளர், அவர் டாக்டர்கூட இல்லை, வீட்டுக்கு ஒரு ஆக்சிமீட்டர் வாங்கி, இது எல்லாத் தோலுக்கும் ஒன்றுபோல் வேலை செய்யுமா என்று தேடிப்போய் ஒரு கட்டுரை எழுதினார். அதை வாசித்துத்தான் ஷோடிங் குழு தங்கள் பதிவுகளைத் திறந்து பார்த்தது.

2020-க்கு முன்னால் எங்கள் வார்டில் ஒரு பெரியவர், பஸ் ஓட்டுபவர், கறுப்பினத்தவர். மானிட்டரில் 95. ஆனால் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க மாட்டார், இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துவார். எனக்கு மனசு கேட்காமல் டாக்டரிடம் சொல்லி தமனி ரத்தம் எடுக்க வைத்தேன், 80-களில் இருந்தது. அன்றைக்கு எல்லாரும் "கிளிப்பு சரியில்லை" என்று சொல்லி வேறொன்று மாட்டினோம். கிளிப்பு நன்றாகத்தான் இருந்திருக்கும்.

நமக்குப் பொருந்துமா என்று கேட்டீர்கள். பொருந்தும் என்றுதான் சொல்வேன். 2022-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள் கொரோனா நோயாளிகளின் பதிவைப் பார்த்தபோது ஆசியர்களுக்கும் கூட்டிக் காட்டியது தெரிந்தது. மெலனினுக்கு நாடு எது, இனம் எது என்று தெரியாது.

தக்கலை பிஎச்சி டாக்டர் எழுதியது:

அக்கா சொன்னது சரி. சில விஷயங்களைச் சேர்த்துவிடுகிறேன், ஏனென்றால் இதை வாசித்துவிட்டு யாரும் ஆக்சிமீட்டரைத் தூக்கி எறிந்துவிடக் கூடாது.

அந்த மிச்சிகன் பதிவுகளில் யாரும் தோலின் நிறத்தை அளக்கவில்லை. நோயாளி தன் இனம் என்று சொன்னதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் 11.7 என்றால் மீதி 88 தடவை அந்த அளவுக்கு ஏமாற்றவில்லை என்றும் அர்த்தம். கை குளிர்ந்திருந்தாலும், ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலும், விரல் ஆடினாலும், மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலும் எண் மாறும். உங்கள் அம்மாவுக்கு எது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. அண்டித் தோட்டு எண்ணெய்க் கறை பற்றி நான் எந்த ஆய்வும் வாசித்ததில்லை, ஆனால் கறை படியாத விரலில் மாட்டிப் பார்ப்பதுதான் புத்தி. அண்டியாபீஸ் பெண்கள் வந்தால் நான் வலது கை மோதிர விரலில்தான் மாட்டுவேன்.

கேட்பது எப்படி என்றால், எண்ணோடு சேர்த்து மூச்சைச் சொல்லுங்கள். ஒரு நிமிஷம் முழுக்க மார்பு ஏறி இறங்குவதை எண்ணுங்கள், 24-ம் அதற்கு மேலும் இருந்தால் ஆக்சிமீட்டர் என்ன காட்டினாலும் அது சாதாரணம் இல்லை. "படுக்க முடியவில்லை, ஒரு வாக்கியம் பேசி முடிக்க முடியவில்லை, நிமிஷத்துக்கு 28 மூச்சு" என்று சொன்னால் எந்த டாக்டரும் நிமிர்ந்து பார்ப்பார். தமனி ரத்தம் எடுத்துப் பார்க்கலாமா என்று நேராகவே கேளுங்கள், ஏபிஜி என்று சொன்னால் புரியும். நோய் இல்லாத நல்ல நாளில் அம்மாவுக்கு எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து எழுதி வையுங்கள். சும்மா இருக்கும்போது 99 காட்டுகிறவருக்கு 94 என்றால் அது ஐந்து இறக்கம்.

ஆனால் உங்கள் பதிவில் என்னைக் குத்தியது எண் இல்லை. "பயம்தான்" என்கிற வார்த்தை. நானே அதைச் சொல்லியிருக்கிறேன், எத்தனை தடவை என்று தெரியாது.

நோயாளி சொல்வதை நம்பாத இந்த விஷயத்திலும் ஒருவர் நேராக இறங்கி வேலை செய்திருக்கிறார். நாக்ஸ் டாட் என்று ஒரு அவசர சிகிச்சை டாக்டர். 1993-ல் லாஸ் ஏஞ்சலஸில் கை கால் எலும்பு முறிந்து வந்தவர்களின் கேஸ் ஷீட்டுகளைப் பார்த்தார். எலும்பு முறிவைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்றால், எக்ஸ்ரேயில் தெரியும், வலிக்கிறதா இல்லையா என்று யாரும் விவாதிக்க முடியாது. வெள்ளையரில் 26 சதவீதம் பேருக்கு வலி மருந்து கொடுக்கவில்லை, லத்தீன் அமெரிக்க வழிவந்த ஹிஸ்பானியரில் 55 சதவீதம் பேருக்குக் கொடுக்கவில்லை. 2000-ல் அட்லாண்டாவில் அதையே கறுப்பினத்தவரிடம் பார்த்தார். வெள்ளையரில் 74 சதவீதம் பேருக்கு வலி மருந்து, கறுப்பினத்தவரில் 57. ஒரே எலும்பு, ஒரே முறிவு. 2016-ல் வர்ஜினியா பல்கலைக்கழகத்தில் 222 வெள்ளை மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்டபோது, கறுப்பினத்தவருக்குத் தோல் தடிமன் என்பது போன்ற தப்பான நம்பிக்கைகளில் ஒன்றையாவது பாதிப்பேர் சரி என்றார்கள். படித்தவர்கள்தான், கெட்டவர்கள் இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் அம்மா வாய்விட்டுச் சொன்னாள். ஒரு பக்கம் கருவி அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது, இன்னொரு பக்கம் கேட்ட காது அவளை நம்பவில்லை. இரண்டும் சேரும்போதுதான் ஆள் சாகிறது.

வடசேரி லேப் எழுதியது:

நான் நாகர்கோவிலில் லேப் டெக்னீஷியன். இதே மாதிரி சிறுநீரகத்திலும் ஒன்று நடந்தது, அதில் எந்திரம்கூட இல்லை, வெறும் பெருக்கல்.

ரத்தத்தில் கிரியாட்டினின் (தசையிலிருந்து வருகிற ஒரு கழிவு) பார்த்து, வயசு, ஆணா பெண்ணா என்று சேர்த்து சூத்திரத்தில் போட்டால் இஜிஎஃப்ஆர் வரும், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்கிற மதிப்பு. 1999-ல் வந்த அமெரிக்க சூத்திரத்தில், பிறகு கொஞ்சம் சுருக்கிய வடிவத்தில், நோயாளி கறுப்பினம் என்றால் வந்த விடையை 1.212 ஆல் பெருக்கு என்று இருந்தது. 2009-ல் வந்த அடுத்ததில் 1.159. அவர்களுக்குத் தசை அதிகம், அதனால் கிரியாட்டினின் கூடுதலாக இருக்கும் என்று காரணம் சொன்னார்கள். அங்கே லேப் ரிப்போர்ட்டில் ஒரே ரத்தத்துக்கு இரண்டு வரி அச்சிடுவார்கள், கறுப்பினத்தவருக்கு இவ்வளவு, மற்றவர்களுக்கு இவ்வளவு என்று.

இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு 18 வருகிறது. அமெரிக்காவில் 20-க்கு இறங்கினால்தான் மாற்று சிறுநீரகத்துக்குக் காத்திருக்கும் காலம் ஓட ஆரம்பிக்கும். வெள்ளையர் என்றால் 18, இன்றிலிருந்து கணக்கு. கறுப்பினம் என்றால் 18-ஐ 1.159 ஆல் பெருக்கினால் 20.9, வீட்டுக்குப் போய்விட்டு அடுத்த வருஷம் வா. அதே ரத்தம், அதே குழாய். நான் தினமும் குழாய்க்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவன், இதை முதலில் வாசித்த அன்று கை ஓடவில்லை.

வனெசா கிரப்ஸ் என்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறுநீரக டாக்டர், கறுப்பினப் பெண். தான் நேசித்தவருக்குத் தன் சிறுநீரகத்தையே கொடுத்தவர், அதற்கப்புறம்தான் சிறுநீரக மருத்துவத்துக்கே வந்தார். இந்தப் பெருக்கலை எடுக்கச் சொல்லிப் பல வருஷம் எழுதினார், பேசினார். பாஸ்டனில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் ஆஸ்பத்திரி 2017-ல் அதைக் கைவிட்டது. 2021-ல் அங்கத்திய சிறுநீரக அமைப்புகள் சேர்ந்து போட்ட குழு, இனம் இல்லாத புதிய சூத்திரத்தை எல்லாரும் பயன்படுத்தச் சொன்னது. 2023 ஜனவரியிலிருந்து, பழைய பெருக்கலால் தள்ளிப்போன கறுப்பின நோயாளிகளுக்கு இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்குள் இறந்துபோனவர்களுக்கு எதைத் திருப்பிக் கொடுப்பது.

நாகர்கோவில் ஐடி எழுதியது:

ஒரு சின்னச் சேர்க்கை. ஸியாத் ஓபர்மேயர் என்கிற அவசர சிகிச்சை டாக்டரும், தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதனும், இன்னும் இருவரும் சேர்ந்து 2019-ல் சயன்ஸ் இதழில் எழுதியதைத் தேடி வாசியுங்கள். யாருக்குக் கூடுதல் கவனிப்பு வேண்டும் என்று முடிவு செய்கிற ஒரு மென்பொருள், நோய் எவ்வளவு என்று பார்க்காமல் சிகிச்சைக்கு எவ்வளவு பணம் செலவானது என்று பார்த்தது. கறுப்பினத்தவருக்கு எப்போதும் குறைவாகத்தானே செலவு செய்திருக்கிறார்கள், அதனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று அது முடிவு கட்டியது. சரி செய்தால் கூடுதல் கவனிப்புப் பட்டியலில் அவர்கள் பங்கு 17.7-லிருந்து 46.5 சதவீதமாக ஏறும் என்று காட்டினார்கள். நானும் அப்படிப்பட்ட மென்பொருள் எழுதுகிற வேலையில்தான் இருக்கிறேன். இப்போதெல்லாம் எதை எதற்குப் பதிலாக அளக்கிறோம் என்று கேட்காமல் ஒரு வரி எழுதுவதில்லை.

பேச்சிப்பாறை எழுதியது:

எல்லாம் வாசித்தேன். நான் டாக்டரோ நர்ஸோ இல்லை, மலையிலிருக்கும் காணிக்காரப் பழங்குடி வீடுகளில் யாருக்காவது சுகமில்லை என்றால் ஜீப் பிடித்துக் கீழே கூட்டிவருகிறவன்.

அமெரிக்காவில் நோயாளிப் பதிவில் இனம் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதனால்தான் யாருக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. நம் ஓபி சீட்டில் பெயர், வயசு, ஊர். காணிக்காரப் பெண் வரிசையில் நிற்கும்போது அவளுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தார்கள், கடற்கரையிலிருந்து வந்த அம்மாவுக்கு எவ்வளவு நேரம், சொந்தக் காரில் வந்தவருக்கு எவ்வளவு நேரம் என்று எந்தச் சீட்டிலும் இருக்காது. நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு பாட்டி, "நெஞ்சுக்குள்ள பாரம்" என்றாள். எழுதிக்கொண்டிருந்தவர் தலை தூக்கவில்லை, "என்ன சாப்பிட்ட" என்றார். மூன்று தடவை சொன்ன பிறகு நான்தான் குறுக்கே பேசி இசிஜி எடுக்க வைத்தேன். கோளாறு இருந்தது.

பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலை உடுத்த 1859 வரை போராட வேண்டியிருந்த மண் இது. ஆளைப் பார்த்ததும் அளந்துவிடுகிற கண் அப்படி ஒன்றும் எளிதில் போகாது. டாக்டர் தம்பி "நானே சொல்லியிருக்கிறேன்" என்று எழுதினாரே, அதை வாசித்தபோது மனசு நிறைந்தது.

குழித்துறை ஆற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அக்கா, நீங்கள் எழுதியதை நேற்று சாயங்காலம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மரச்சீனிக் கிழங்கு தோல் உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ் ஓட்டுகிற பெரியவர் இடம் வந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். "அப்பம் நான் சொன்னது உள்ளதுதானே மக்கா" என்றாள். நாலு வருஷத்துக்கு மேலாகிறது, அந்த ராத்திரியைப் பற்றி அம்மா என்னிடம் பேசியதே இல்லை. நானும் அவளை நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டாக்டர் சார் சொன்னபடி வலது மோதிர விரலில் பார்த்தேன், 98. கறை பிடித்த இடது விரலிலும் 98 காட்டியது. மூச்சு நிமிஷத்துக்கு 16. காலண்டரில் எழுதி வைத்தாயிற்று.

வடசேரி அண்ணா, அம்மாவுக்குச் சர்க்கரையும் உண்டு. போன மாத ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் 71 என்று இருக்கிறது. எந்தச் சூத்திரத்தில் போட்டது என்று எப்படித் தெரியும்?

வடசேரி லேப் எழுதியது:

தம்பி, இஜிஎஃப்ஆர் வரிக்குக் கீழே சின்ன எழுத்தில் பாருங்கள், சிகேடி எபி 2021 என்று இருந்தால் புதியது. இல்லையென்றால் கிரியாட்டினின் எவ்வளவு, அம்மாவுக்கு வயசு எவ்வளவு என்று இங்கே போடுங்கள், நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். சர்க்கரை இருப்பதால் சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதமும் பார்த்துவிடுங்கள், அதை விட்டுவிடாதீர்கள்.